அரைத் தடவை வகையிட்ட பேட்டரி

எம்.எஸ்ஸி. கணக்கு முடித்து, ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்குமா என்று தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்த எண்பதுகளின் நடுவில், சங்கரன்கோவிலில் என் ஆய்வுக்கூடம் ஒரு மைக்செட் கடை. கடைக்கார அண்ணாச்சிக்கு என்மேல் பிரியமா, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சம்பளமில்லாத ஆள் கிடைத்த நிம்மதியா என்று இன்றுவரை தெரியாது.

அப்போது என்னைப் பிடித்திருந்த பேய், அரை வகையிடல். தூரத்தை ஒரு தடவை வகையிட்டால் வேகம், இரண்டு தடவை என்றால் முடுக்கம். அரைத் தடவையும் வகையிடலாம் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முழு வகையிடல் இந்த நொடியை மட்டும் பார்க்கும்; அரை வகையிடல் பழைய கதை முழுவதையும் கேட்கும். பேட்டரியும் அப்படித்தான். நேற்று பட்ட பாடு இன்றைய வோல்ட்டில் தெரியும். அதற்கொரு சமன்பாடு எழுதினேன். அண்ணாச்சி அதைப் பேட்டரி ஜாதகம் என்பார்.

குருவிகுளம் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் கொடைவிழா; மதியத்துக்கு மைக்செட் கட்டும் வேலை எங்களுக்கு வந்தது. கோயிலடியில் கரண்டு கிடையாது. பாட்டு நின்றால் அடுத்த வருசக் கொடை புளியங்குடி மைக்செட்காரருக்குப் போய்விடும். கைவசம் இருந்த நல்ல பேட்டரி ஒன்றே ஒன்று. முந்தின நாளே சார்ஜ் ஏற்றித் தொடாமல் வைத்திருப்பதாக அண்ணாச்சி சொன்னார்.

கொடையன்று காலையில் மீட்டர் வைத்தேன். அரை மணி கழித்து மறுபடி வைத்தேன். வோல்ட் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சும்மா கிடந்த பேட்டரி அப்படி ஏறாது. உழைத்துக் களைத்ததுதான் மூச்சு வாங்கி ஏறும்.

"அண்ணாச்சி, இது நேத்து சாயங்காலம் வேலை பாத்திருக்கு."

"ஏலே, ஒருத்தனும் தொடல. ஒன் ஜாதகத்த நல்லாப் பாரு."

நான் விடவில்லை. பின்னோக்கிக் கணக்குப் போட்டு, சுமார் இரண்டரை மணி நேரம் என்றேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து மதினி சிரித்தார். இலங்கை டிவியில் படம் ஓடும்போது கரண்டு போனதும், டிவிக்குப் பேட்டரி வயரை மாட்டியது அண்ணாச்சியே என்பதும் வெளிவந்தது.

"படம் பாத்து அழுதது யாருன்னும் கணக்குல வருதா, கொழுந்தனாரே?"

மறுபடி சார்ஜ் ஏற்ற நேரமில்லை. பஸ் புறப்படப் போகிறது. விடாமல் பாடினால் ஒரு மணிக்குப் படுத்துவிடும், இடையிடையே ஓய்வு கொடுத்தால் இரண்டரை வரை தாங்கும் என்றது சமன்பாடு. எனவே மேளம் அடிக்கும்போதெல்லாம் மைக்கை அணைப்பது என்று முடிவானது. அண்ணாச்சி மேளக்காரர்களுக்கு டீயாக வாங்கிக் கொடுத்தார். அவர்களும் ஓயாமல் அடித்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு என்னை முறைப்பார்.

இரண்டேகால் வரை எல்லாம் சரி. அப்புறம் ஊர்த்தலைவர் நன்றி சொல்ல எழுந்தார். அவர் என் சமன்பாட்டில் இல்லை. தன் தாத்தா காலத்திலிருந்து தொடங்கினார். அப்பா காலத்துக்கு வரும்போது மைக்கில் குரல் கம்மி, அடங்கிப்போயிற்று. அண்ணாச்சி முகம் செத்துவிட்டது. கூட்டம் எழுந்து பந்திக்கு ஓடியது.

சாமான்களைக் கட்டும்போது கொடைக் கமிட்டிக்காரர் ஒருவர் அண்ணாச்சியைத் தனியே அழைத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன்.

"அடுத்த வருசமும் நீங்கதான் அண்ணாச்சி," என்றார் தணிந்த குரலில். "இந்தப் பேட்டரியவே கொண்டாங்க."