புளியங்குடிக்கு வந்த வங்கதேச விருந்தாளி

தென்காசி தனி மாவட்டமான பிறகு, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்தேன். பென்ஷன், விதவைச் சான்று, பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், இவைதான் அன்றாட வேலை.

வங்கதேச விடுதலைப் போரில் உயிர்கொடுத்த நம் வீரர்களின் குடும்பங்களைக் கௌரவிக்க, அந்த நாட்டுக் குழு ஒன்று வந்து குற்றாலத்தில் தங்கியிருந்தது. மாலையில் தென்காசியில் விழா. கேடயம் வாங்க வேண்டியவர் சண்முகக்கனி, புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை நடத்தும் பெண்மணி. அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அப்பா போரில் இறந்துவிட்டார்.

காலையில் அவரே போன் செய்தார்.

"மேடம், நான் விழாவுக்கு வரல."

"ஏம்மா, என்னாச்சு?"

"எங்கப்பாவ நான் பாத்ததே கிடையாது. மேடையில ஏறி என்னத்தச் சொல்ல? எல்லாரும் பாவமாப் பாப்பாவ. சின்னதுல இருந்து அந்தப் பார்வையப் பாத்து அலுத்துப் போச்சு."

உதவி இயக்குநரிடம் சொன்னேன். "கலெக்டர் வாராவ. குடும்பத்துல ஒருத்தர்கூட இல்லாம கேடயத்த யாருக்கும்மா குடுக்க?" என்று தலையில் கைவைத்தார்.

குழுவில் ரஃபிக் என்று ஒரு முதியவர். போரின்போது இளைஞராக நம் படைக்கு வழிகாட்டி நடந்தவர். விஷயம் கேட்டதும் ஆங்கிலத்தில் சொன்னார்: "அந்த மகளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அவர் வர வேண்டாம். நான் போகிறேன்."

ஜீப்பில் அவரை அழைத்துப் போனேன். மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. சண்முகக்கனி ஏலத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார். ரஃபிக் பேசப் பேச, நான் தமிழில் சொன்னேன்.

"ஆற்றைக் கடக்கும்போது எதிர்க்கரையிலிருந்து சுட்டார்கள். உங்கள் அப்பா என்னைப் படகுக்குள் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டார். குண்டு அவர்மேல் பாய்ந்தது. நான் பிழைத்தேன்."

சண்முகக்கனி அழவில்லை. "எங்கப்பா எப்படிப் பேசுவாவ?" என்று கேட்டார். அதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி.

"சத்தமாகப் பேசுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை" என்ற ரஃபிக், திடீரென்று தமிழில் குரல் கொடுத்தார்: "ஏலே! இங்கன வாலே!"

மூட்டை தூக்கியவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதற்கு என்ன அர்த்தம்? இன்றுவரை எனக்குத் தெரியாது" என்றார்.

சண்முகக்கனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சொந்தத் தம்பியக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டிருக்காவன்னு சொல்லுங்க மேடம்" என்றார். நான் சொன்னதும் அந்த மனிதர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

மாலையில் சண்முகக்கனி விழாவுக்கு வந்தார். கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக்கையும் கேட்டு வாங்கினார்.

"எங்கப்பா புளியங்குடிக்காரரு. ஒரு நாடு பொறக்கதுக்குத் தொணை நின்னுருக்காவ. அங்கயும் நம்ம பேச்சுதான் பேசியிருக்காவ. நான் அவுக மக."

அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்கு அன்று நிமிர்ந்த முதுகு இன்னும் வளையவில்லை.

அதுவரை விழா என்றால் சால்வை, கேடயம், நாற்காலி வரிசை என்றுதான் ஏற்பாடு செய்வேன். அதன் பிறகு எந்த வீரருக்கு மரியாதை செய்தாலும், அவரோடு களத்தில் நின்ற ஒருவரையாவது தேடிப்பிடித்து முதலில் குடும்பத்தாரிடம் பேசவைத்தேன். இந்த வேலைக்கு வரும் இளைய பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுதான்: அவர் எப்படிச் செத்தார் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கும்; எப்படி இருந்தார் என்பதைத்தான் வீட்டார் கேட்கக் காத்திருக்கிறார்கள்.