வீட்டைப் போட்டுக்கவா?

நெரவியில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் மத்தியானம் ஒருவர் வந்தார். ஒடிசலான உடம்பு. தோளில் தொங்கிய பிவிசி பைப்புக்குள் சுருட்டிய படங்கள். எந்த ஆபீசும் அனுப்பாமல், தானே ஊர் ஊராக நடந்து வரைபடம் வரைகிறவராம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உங்க வீட்டைப் போட்டுக்கவா?" என்று கேட்பார். சரி என்ற பிறகுதான் வரைவார்.

எங்களுக்கு வரைபடம் என்றாலே பயம். பக்கத்து ஊரில் முதலில் அளந்து படம் போட்டார்கள். அப்புறம் எண்ணெய்க் குழாய் பதிக்க வயலைத் தோண்டினார்கள்.

"எங்க வீட்டைப் போடாதீங்க சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்க இஷ்டம்மா. எங்க வீட்டையும் யாரும் போடல. சர்க்கார் படத்துல வெறும் மணல்னு இருந்துச்சு. ஆளில்லாத எடம்னு சொல்லித்தான் இடிச்சாங்க."

பென்சில் முனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தார். நான் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தேன். அவர் அடுத்த வாசலுக்குப் போனார். போகுமுன் வரைந்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

நேற்று எங்கள் கொல்லைக்குப் பின்னால், வயலில் யாரோ அளவெடுக்கிற சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். அவர் படத்தில் எங்கள் வீடு இருக்கிறதா, தெரியவில்லை. இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பதா, இருக்கக் கூடாது என்றா, அதுவும் தெரியவில்லை.