மாமாவின் வண்டிக்கு இரண்டு முறை அடித்த பெயிண்ட்

என் அக்காவின் கணவர் ஸ்ப்ரே பெயிண்டர் வேலைக்குக் குவைத் போனபோது தன் மோட்டார் சைக்கிளை என்னிடம் விட்டுப் போனார். ஒன்பது வருடமாக கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்கு அதில்தான் வேலைக்குப் போய் வந்தேன். உப்புக்காற்றில் இன்ஜினின் இரண்டு பக்க மூடிகளும் செதில் செதிலாக உரிந்து, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது.

அக்கா போன் செய்தாள். "அடுத்த மாசம் வர்றாருடா. இனிமே போவ மாட்டாராம்."

அதற்குள் மூடிகளுக்குப் பெயிண்ட் அடித்துவிட நினைத்தேன். அவரிடமே யோசனை கேட்டிருக்கலாம். ஆனால் பெயிண்டரிடம் போய், உங்கள் வண்டியை இப்படி ஆக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் தடவை அவசரப்பட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காலை, தூக்கக் கலக்கத்தோடு, மூடிகளைக் கழற்றாமலே உப்புத்தாளால் தேய்த்து, பழைய துணியால் துடைத்து ஸ்ப்ரே அடித்தேன். பார்க்கப் புதிதுபோல் இருந்தது. நாலு நாள் ஓட்டியதும் இன்ஜின் சூட்டில் கொப்புளம் கிளம்பி, விரல் பட்டாலே உரிந்து வந்தது. அதைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"மொதல்ல படுத்துத் தூங்குங்க. வண்டி எங்கயும் போவாது" என்றாள் மனைவி.

அடுத்த வார லீவில் ஆயிலை வடித்துவிட்டு மூடிகளைக் கழற்றினேன். பெயிண்ட் ரிமூவர் பூசிப் பழையதை முழுக்க எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். தின்னரால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடவே இல்லை. முதல் தடவை கெடுத்தது அந்தக் கை எண்ணெயும் கிரீஸும்தான். ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் விளிம்பில் டேப் ஒட்டி, சூடு தாங்கும் பிரைமரையும் பிறகு கறுப்பையும் மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக அடித்தேன். மனைவி கேக் செய்து பார்த்துக் கைவிட்ட பழைய ஓவனைத் தோட்டத்துப் பக்கம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, பெயிண்ட் இறுகும்படி மூடிகளைச் சுட்டெடுத்தேன்.

"இனிமே அந்த ஓவன்ல ஒண்ணும் சமைக்க முடியாது" என்றாள். எனக்கும் தெரியும்.

மாமா வந்த வாரம் புவனகிரி வழியாகச் சிதம்பரத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போனேன். வண்டிச் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்று படி இறங்குவதற்குள் இரண்டு முறை நின்றார். இதை அக்கா போனில் சொல்லவில்லை.

குனிந்து கட்டைவிரலால் மூடியைத் தடவினார்.

"நீயே அடிச்சியா மச்சான்?"

"ஆமா மாமா. மொத தடவ உரிஞ்சிபோச்சி. அப்புறம் கழட்டி அடிச்சேன்."

"நல்லா புடிச்சிருக்கு." இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "மூஞ்சிக்கு என்னா போட்ட?"

"கர்சீப் கட்டிக்கிட்டேன்."

"அதெல்லாம் ஆவாது. நானும் அதான் கட்டுனேன். மாஸ்க் குடுப்பாங்க, அந்த வெயில்ல போட்டுக்க முடியாது. இப்ப ரெண்டு பக்கமும் நெஞ்சு போச்சிங்கறாங்க."

அக்கா கதவருகே நின்றிருந்தாள். அவளை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கிக்கர ஒதைக்க மூச்சில்லடா. நீயே ஓட்டு. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போ."

இப்போது என் வார லீவு அதற்கே போகிறது. கடலூரிலிருந்து கிளம்பிச் சிதம்பரம் போய், அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் காட்டுகிறேன். காற்று முகத்தில் அடித்தால் இருமல் வந்துவிடும், அதனால் வண்டியை உருட்டுகிற மாதிரிதான் ஓட்டுவேன். நெற்றியை என் முதுகில் சாய்த்துக்கொள்வார். ஆள் உட்கார்ந்திருக்கிற கனமே தெரியாது. பெயிண்ட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. கல் பட்டுக் கீழ் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, அதைத் தொட எனக்கு நேரமில்லை.

திரும்பும்போது கீழவீதியில் டீ குடிப்போம். இரண்டு பேருக்குமே அசதி.