தையல்கடையில் விழுந்த வார்த்தை

என் சின்னம்மா மகன், எனக்குத் தம்பி, தெருமுனையில் தையல்கடை வைத்திருந்தான். எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சம்பந்தத்துக்கு விசாரிக்க வந்தாலும் முதலில் அவன் கடைவாசலில்தான் நிற்பார்கள். எல்லார் உடம்பளவும் தெரிந்தவனுக்குக் குணமும் தெரிந்திருக்கும் என்று ஒரு எண்ணம். இவனும் மிஷினை நிறுத்தாமலே நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்புவான். ஏழெட்டுக் கல்யாணம் இவன் வாயால் கூடியது.

எதிர்வீட்டுக் கம்பவுண்டருக்கு ஒரே மகள். அச்சகத்தில் பைண்டிங் வேலை. அவள்மேல் இவனுக்கு உயிர். ஆனால் தங்கைக்கு ஒரு வழி பண்ணாமல் தன் பேச்சை எடுக்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அம்மாள் வந்து அவளைப் பற்றியே கேட்டாள். மகனுக்குத் தபாலாபீசில் வேலையாம்.

"நல்ல பொண்ணுதாம்மா," என்றவன், ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னான்: "என்ன, எப்பவாவது வலிப்பு வரும். பாவம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அந்த அம்மாள் எதிர்வீட்டுப் படியை மிதிக்காமலே திரும்பிப் போனாள். ஒரு வருடம் தள்ளிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன் என்று பிற்பாடு என்னிடம் அழுதான். பேச்சோ கண்ணும் காதும் மூக்கும் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியது. மூன்று வருடம் கம்பவுண்டர் வீட்டை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

தங்கைக்குக் கல்யாணம் முடிந்ததும் சின்னம்மா முன்னால் போய் நின்றான்.

"அந்த வலிப்புக்காரியவா? புத்தி கெட்டுப்போச்சாடா உனக்கு?"

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. நான்தான் கெளப்பிவிட்டேன்."

"அவளக் கட்டிக்கணும்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிறியா? யாருகிட்ட காது குத்துற?"

அந்தச் சூட்டோடு எதிர்வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் அவளேதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் கத்தவில்லை.

"தூக்கத்துல வருதோன்னு அம்மா மூணு வருஷமா என் பக்கத்துலயே முழிச்சுக் கெடக்குறாங்க. அடுப்புகிட்ட விடுறதில்ல. அப்பா தெனம் ஒரு மாத்திரை தர்றாரு. ஒரு நாள் தலை சுத்துச்சு. வந்துடுச்சுன்னு நானே நம்பிட்டேன்."

"அதான், நானே கட்டிக்கிறேன்னு..."

"யாரு கேட்டா? எந்தெந்த வீட்டுக்கு அது போச்சோ, அங்கெல்லாம் போயி பொய்யின்னு சொல்லுங்க. அது போதும்."

கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினான். தபாலாபீஸ்காரன் வீட்டில் அந்த அம்மாள் இவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். "மெதுவா பேசு தம்பி, மருமக உள்ள இருக்கா."

அடுத்த வீட்டில் ஒருவர் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார். "ராத்திரியிலகூட வராதுன்னு அவ்வளவு உறுதியா சொல்றியே, உனக்கு எப்படிப்பா தெரியும்?"

நாலாவது வீட்டுக்கு இவன் போய்ச் சேருமுன்பே அந்தச் சிரிப்பு போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. ஆட்கள் நிற்பதைப் பார்க்காமலே சொன்னாள்: "போதும். இனிமே என்னப் பத்தி நல்லதும் பேசாதீங்க."

அவளுக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. இவனுக்கு அடுத்த வருடமே என் ஓரகத்தியின் தங்கையைப் பேசினார்கள். பையன் எப்படி என்று ஓரகத்தி என்னைத்தான் கேட்டாள்.

தங்கமான பையன் என்றேன்.