மெழுகுவர்த்திக்கு எந்த இருக்கை

விருந்தறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அடுப்படியில் புலாவுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த ஓய்னிஸாவின் கத்தி அப்படியே நின்றது.

சிரித்தவள் ஹுர்ஷேதா, சிரிக்க வைத்தவன் தோலிப். மூவரும் குஜந்த் நகரத்துக் கல்லூரியில் ஒன்றாக இலக்கியம் படித்தவர்கள். அந்த வகுப்பு பிரிந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. எல்லோரும் கூடும் நாளில் ஆளுக்கொரு பீங்கான் தட்டு பரிசு. அவரவர் குணத்துக்குப் பொருந்தும் கவிதை வரியைத் தட்டில் எழுதிச் சூளையில் சுட்டுத் தரப்போகிறார்கள். வரிகளை முடிவு செய்யத்தான் இருவரும் வந்திருந்தார்கள். வகுப்பு விருந்து ஆள் மாற்றி ஆள் வீட்டில் என்பது முறை. அந்த முறை எப்படிச் சுற்றினாலும் ஓய்னிஸாவின் வாசலில் வந்து நின்றுவிடும்.

"நம்ம கஞ்சன் சவ்லத்துக்குக் காலேஜ்ல குடுத்த பழசுதான்," என்றான் தோலிப். "'தன் நீரைத் தானே எண்ணும் நதி, கரைகள் சிரிப்பதை அறிவதில்லை.' இப்பவும் டாக்ஸிக்குக் காசு குடுக்கிறப்பதான் அவனுக்குச் செருப்பு வார் அவுந்து போகும்."

"ஐயோ, போதும்டா, வயிறு வலிக்குது. சரி, ஓய்னிஸாவுக்கு?"

"அவளுக்கென்ன, அதே மெழுகுவர்த்தி. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

ஒண்ணும் சொல்ல மாட்டா. வெங்காயம் எப்போதோ நறுக்கி முடிந்திருந்தது. ஆனாலும் ஓய்னிஸாவின் கண்கள் எரிந்தன.

கல்லூரியின் கடைசி மாலையில்தான் அந்த வரி அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. வகுப்பின் குறும்புக்காரன் தோலிப், பழைய கவிஞர்களிடமிருந்து ஆளுக்கொரு வரி பொறுக்கி வந்திருந்தான். பாடவேளை முழுவதும் தூங்கியவனுக்குக் கம்பளத்துப் பூனை. ஓயாமல் பேசியவளுக்குக் கூடு கட்ட மறந்த குயில். தனக்கு மட்டும், 'சொல் என்னும் குதிரை என் தொடைக்கே அடங்கும்.' கடைசியில் ஓய்னிஸாவைப் பார்த்துக் கையை நீட்டிப் படித்தான்: 'விருந்துக்கெல்லாம் ஒளி தந்த மெழுகுவர்த்தி, தனக்கு எந்த இருக்கை என்று கேட்டதில்லை.' எல்லோரும் கைதட்டினார்கள். பைத்தியக்காரப் பெண், அவளும் பூரித்துப்போனாள்.

மேல்படிப்புக்குத் தலைநகர் துஷான்பேக்கு ஒருவரை மட்டும் அனுப்பினார்கள். அவள்தான் முதல் மாணவி. ஆனால் துறைத் தலைவர் தலையைத் தடவி, "நீ விட்டுக்கொடுக்கிற பொண்ணும்மா," என்றார். ஹுர்ஷேதா போனாள். போனவள் திரும்பி வந்து, ஓய்னிஸா பாடம் சொல்லும் பள்ளிக்கே தலைமையாசிரியை ஆனாள்.

ஓய்னிஸாவின் திருமணத்தில் வாழ்த்துச் சொல்ல எழுந்த தோலிப், மறுபடியும் அதே வரியை எடுத்துவிட்டான். மாமியார் அதைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டாள். பதினெட்டு பேர் சாப்பிட்ட பாத்திரமானாலும், அத்தை மகளின் பிரசவமானாலும், "எங்க வீட்டு மெழுகுவர்த்தி இருக்கே," என்பாள். அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கணவன் கஃபூர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய், வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளிபோல வந்து போனான். மகள் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், ஊருக்கு வரச் சொல்லி ஓய்னிஸா போனில் அழுதாள். "உனக்கென்ன, நீ மெழுகுவர்த்தியாச்சே," என்று சிரித்தான் அவன். எரிவது அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அந்த வரியைத்தான் இனி சூளையில் வேறு சுடப்போகிறார்கள்.

கைகளைத் துடைத்துக்கொண்டு, தேநீர்க் கெண்டியோடு அறைக்குள் போனாள். இரண்டு கிண்ணங்களிலும் இரண்டு வாய் அளவே ஊற்றி, நெஞ்சில் கை வைத்து நீட்டினாள். மதிப்பான விருந்தாளிக்கு அப்படித்தான் ஊற்ற வேண்டும். குறைய ஊற்றி ஊற்றி நிரப்பினால் இன்னும் இருங்கள் என்று பொருள். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால், எழுந்து போங்கள் என்று பொருள். அப்படி அவள் யாருக்கும் ஊற்றியதே இல்லை.

"தோலிப், என் வரியை மாத்திடு."

"என்ன ஓய்னிஸா, தமாஷா? ஊருக்கே தெரிஞ்ச வரி அது."

"அதனாலதான் சொல்றேன். எனக்கு அலுத்துப்போச்சு."

ஹுர்ஷேதா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, ஆளாளுக்கு அந்த மாதிரி வரிக்கு ஏங்குறாங்க. உனக்குக் கசக்குதா? பொங்கிடப்போகுது, அடுப்பைப் பாரு போ."

"அடுப்பு கிடக்கட்டும். எனக்குன்னு ஒரு வரி வச்சிருக்கேன்." எத்தனையோ நாள் அவள் துணி உலர்த்தும்போது தனக்குள் சொல்லிக்கொண்ட வரி அது. "'கொடியில் காயும் கம்பளமும், காற்று வந்தால் பறக்கப் பார்க்கும்.'"

தோலிப் கண்ணை மூடி அந்த வரியை ஒருமுறை முணுமுணுத்தான். அவன் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்துக்கு அப்புறம் ஒருத்தன் தன்னைப் பார்த்துவிட்டான் என்று ஓய்னிஸா நினைத்தாள்.

"அடடா, என்ன வரி. ஹுர்ஷேதா, இது உனக்குன்னே எழுதின மாதிரி இல்ல? துஷான்பே வரைக்கும் பறந்தவ நீ."

"ஆமாண்டா, எனக்கே போட்டுடு. ஓய்னிஸா, நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டியே?"

ஓய்னிஸா கெண்டியை எடுத்தாள். தோலிபின் கிண்ணத்தில் ஊற்றினாள். பாதி நிறைந்தது, முக்கால் நிறைந்தது, அவள் நிறுத்தவில்லை. தேநீர் விளிம்பில் தளும்பி நின்றது. ஹுர்ஷேதாவின் கிண்ணத்தையும் அப்படியே நிரப்பினாள்.

தோலிபுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "கை தவறிடுச்சா?"

"இல்ல."

"புலாவ் இன்னும்..." என்று இழுத்தாள் ஹுர்ஷேதா.

"வேகல."

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல என் முகத்துல முழிக்கணும்டி நீ."

"முழிக்கிறேன்."

வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே தோலிப் திரும்பினான். "அப்போ உன் தட்டுல என்ன எழுதச் சொல்லட்டும்?"

"எதுவும் வேண்டாம். வெறும் தட்டாக் குடு. சர்க்கரைப் பாதாமிப் பழம் வச்சுத் தின்னுக்கிறேன்."

ஹுர்ஷேதா அதற்குள் படியிறங்கிப் போயிருந்தாள். அவனும் இறங்கினான். ஓய்னிஸா கதவைச் சாத்தினாள்.