சோளத்துளிரும் ஹைப்போக் கல்லும்

போன வாரம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ரைட் ரைஸ் வாங்க நின்றேன். மகள் கேட்டுவிட்டாள், வேறு வழி? மாஸ்டர் சட்டியில் வினிகரை ஊற்றினார் பாருங்கள், குப்பென்று ஒரு புளிப்பு வாடை. அவ்வளவுதான், நான் அங்கே இல்லை. பசுவந்தனையில் என் ஸ்டுடியோவின் இருட்டறையில் சிவப்புப் பல்புக்குக் கீழே நிற்கிறேன்.

ஃபிலிம் காலத்தில் படம் கழுவுகிற தண்ணீருக்கு அதே வாடைதான். சட்டை, தலைமுடி, சோறு பிசைகிற விரல் எல்லாம் நாறும். பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளைக்கு ஊறுகாய் யாவாரமா?" என்று கேட்டார்கள். பெரிய ஃபோட்டோகிராபர் என்ற நினைப்பில் கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அந்த வேலைக்கு ஹைப்போ என்று ஒரு சரக்கு உண்டு. கற்கண்டு மாதிரி கல்லாக வரும். அதைக் கரைத்த தண்ணீரில் முக்கினால்தான் படத்தில் உருவம் நிலைக்கும். அதற்கு இன்னொரு வேலையும் தெரியும் என்பது ஒரு சித்திரை மாதத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

கோடை மழை ஒன்று பெய்திருந்தது. அறுத்துவிட்ட சோளத்தட்டைகளின் அடியிலிருந்து பச்சைப்பசேலென்று துளிர் கிளம்பியிருந்தது. காய்ந்த காட்டில் அப்படித் துளிர்க்கிற சோளத்தில் நஞ்சு இருக்கும் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், மாட்டுக்குத்தான் தெரியாது. எதிர்வீட்டு அந்தோணியம்மா அக்காவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வயிறு முட்ட மேய்ந்துவிட்டது. அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். அக்கா வீட்டுக்கார அண்ணன் லாரியோடு போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது; அந்தப் பாலில்தான் வீடு ஓடியது.

நல்ல வேளை, மாட்டு டாக்டர் அன்று ஊருக்கு வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் என் கடைப்படியில் வேகமாக ஏறி வருகிறார்.

"அண்ணாச்சி, ஹைப்போ இருக்கா? கரைச்சு வச்சது வேண்டாம், கல்லாக் குடுங்க."

அங்கே மாடு சாகக் கிடக்கிறது, இந்த மனுசன் ஃபோட்டோ கழுவப் போகிறாரா என்று விழித்தேன்.

"ஊசி மருந்து ஒண்ணுதான் இருந்துச்சு, போட்டாச்சு. வயித்துல கிடக்க தழை இன்னும் நஞ்சைக் கக்கிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான். சீக்கிரம்."

கீழ்த்தட்டில் இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாடு காலை நீட்டிக் கிடந்தது. உடம்பெல்லாம் உதறல், வாயில் நுரை. கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. செக்கச்செவேலென்று அப்படி ஒரு சிவப்பு.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர், கல்லைக் கரைத்துக்கொண்டே. "காத்துக்குக் குறையே இல்ல. மூச்சு இழுக்குது, ரத்தம் சுமந்துக்கிட்டுப் போகுது, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் காத்து நுழையுது. உள்ள இருக்க அடுப்புதான் எரிய மாட்டேங்குது. நஞ்சு போய் அடைச்சுக்கிட்டு நிக்குது."

இத்தனை காற்றுக்கு நடுவில், காற்றை உள்ளே வாங்கிக்கொண்டே, ஓர் உயிர் காற்றில்லாமல் சாகிறது. பசி, தாகம் தெரியும் நமக்கு. அதற்கும் அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், கோடிக்கணக்கில் அடுப்பு எரிந்தால்தான் நாம் நிற்கிறோம் என்று அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

அக்கா மாட்டின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பாட்டிலில் எடுத்து அதன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். "ஏட்டி, குடிச்சிரு. எனக்காகக் குடிச்சிரு," என்று அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

முதலில் காது அசைந்தது. பிறகு உதறல் நின்றது. உச்சி வெயிலுக்கு முன்னால் மாடு காலை அகட்டி ஊன்றி எழுந்து, ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி மூத்திரம் பெய்தது. நஞ்சு அந்த வழியாகத்தான் வெளியேறுமாம். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"செத்த மாட்டுக்குள்ள என்னத்த டாக்டர் மூட்டுனிய?" என்று கேட்டார் அக்கா.

"நான் எதையும் மூட்டலக்கா. அடைச்சதை எடுத்துவிட்டேன். அதுவா எரியுது."

இந்தக் கதையை ஃப்ரைட் ரைஸ் தின்றுகொண்டே மகளிடம் சொன்னேன். ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள். "அப்பா, இலைக்குள்ள அது நஞ்சாவே இருக்காது," என்றாள். "நஞ்சைப் பூட்டி வச்ச சரக்கு ஒரு அறையில, பூட்டைத் திறக்குறது வேற அறையில. நடுவுல சவ்வு. மாடு மென்னு அதைக் கிழிச்சாத்தான் ரெண்டும் சேரும்." எந்த லென்சிலும் எனக்குச் சிக்காத அத்தனை மெல்லிய சவ்வு. அது இருக்கிறவரை சோளமும் தன் நஞ்சால் தான் சாகாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. கை கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

இப்போது எங்கள் காடுகளில் சோளமே அபூர்வம். எங்கே பார்த்தாலும் கோழித் தீவன மக்காச்சோளம். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். மாடு நின்ற கொட்டிலில் அவர் பேரனின் பைக் நிற்கிறது. இருட்டறைச் சுவரை இடித்து ஜெராக்ஸ் மெஷின் போட்டிருக்கிறேன். மாட்டு மருந்தெல்லாம் இப்போது டாக்டர்களிடமே இருக்கிறதாம், நல்லதுதான். ஆனாலும் மழைக்கு மறுநாள் யாராவது கடைப்படியில் வேகமாக ஏறினால், கை தானாகக் கீழ்த்தட்டுக்குப் போகிறது. அங்கே பிரிண்டர் மைதான் இருக்கிறது.