அப்பா மீட்டர் வாங்கிய நாள்

சாஆ என்ற ஊர்ப் பக்கத்தில் எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையில் கரண்ட்டை நிறுத்துவதற்கு எல்லாரும் 'மாத்தி' என்றுதான் சொல்வார்கள். மலாய்ச் சொல், செத்துப்போச்சு என்று அர்த்தம். மோட்டார் நின்றாலும் மாத்தி, விளக்கு அணைந்தாலும் மாத்தி. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அப்பா அங்கே வயர்மேன்.

ரப்பர் காட்டு வேலையிலிருந்து புதிதாக ஒருவர் அப்பாவுக்குத் துணையாக வந்தார். ஒரு நாள் நின்றுபோன மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவிட்ச் அறையைப் பார்த்து அப்பா "மாத்தியா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்த ஆள் அப்போதுதான் எரிந்துபோன பியூசை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார். "மாத்தியாச்சுண்ணே" என்று அங்கிருந்தே பதில் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. தமிழில் சொன்னார், அவ்வளவுதான். அப்பா கையை வைத்தார். கரண்ட் அவரைத் தூக்கிச் சுவரோரம் போட்டது.

உள்ளங்கை வெந்து, கட்டுப் போட்டு, அப்பா கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். அந்த நாட்கள் எனக்குத் திருவிழா மாதிரி. எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா இறந்துவிட்டார். பள்ளி விட்டு வந்தால் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, ஆலைச் சங்கு ஊதுகிற வரை தனியாக உட்கார்ந்திருப்பதுதான் என் வழக்கம். இப்போது வீட்டில் ஒரு ஆள் இருந்தார். சோறு பிசைந்து அவருக்கு ஊட்டிவிட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கட்டைப் பிரித்து, ஆறிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று சொன்னபோது எனக்குத்தான் அழுகை வந்தது.

வேலைக்குப் போகும் முன் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கவேண்டும் என்றார் அப்பா. ஆலையில் இருந்தது ஒரு பல்பும் இரண்டு வயரும்தான். பல்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் கரண்ட் இல்லை, அல்லது பல்பு போய்விட்டது. மனுசர் வாயையும் பல்பையும் இனி நம்புவதாக இல்லை அவர்.

என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் சிகாமட் டவுனுக்குப் போனார். ஐஸ் கச்சாங் வாங்கித் தருவார், கடைத்தெருவில் கைபிடித்து நடப்பார் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன். மதியம் முழுக்க ஒரே கடையில் போனது. கடை முதலாளி, சீனத் தவுக்கே, முதலில் சின்னதாய், சிவப்பாய் ஒரு மீட்டரை எடுத்து வைத்தார். எனக்கு அது மிகவும் பிடித்தது. அப்பா அதன் முதுகைத் திறந்து பார்த்தார். உள்ளே பியூஸ் இல்லை. வயர் நூல் மாதிரி இருந்தது. முனையிலுள்ள ஊசி நீளமாக, விரல் வழுக்கினால் நேரே இரும்பைத் தொடுகிற மாதிரி இருந்தது. ரேடியோ ரிப்பேருக்கு ஆகும், ஆலைக்கு ஆகாது என்று தள்ளிவைத்தார்.

அடுத்தது செங்கல் கனத்தில் கறுப்பாக ஒன்று. தடித்த ரப்பர் வயர், விரல் நழுவாமல் ஊசிக்குப் பின்னால் ஒரு வளையம். அப்பா அதைக் கடையின் பிளக்கில் வைத்தார், முள் ஏறியது. சுவிட்சை அணைத்துவிட்டு வைத்தார், முள் படுத்தது. மறுபடி சுவிட்சைப் போட்டு வைத்தார். முள் படுத்தது கரண்ட் இல்லாததாலா, மீட்டர் கெட்டதாலா என்று தெரியவேண்டுமாம். இதையே திரும்பத் திரும்பச் செய்தார்.

"அலமாக், அண்ணே, மீட்டர் வாங்கறியா, பொண்ணு பாக்கறியா?" என்றார் தவுக்கே.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. கறுப்பையே கட்டித் தரச் சொன்னார்.

அங்கிருந்து ரயில் நிலையத்துப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை அப்பாவுக்குத் தங்கை. வீடு நிறையப் பிள்ளைகள். பின்கட்டில் அப்பா அத்தையிடம் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது அத்தை குரல் கேட்டது.

"என்ன பேச்சுண்ணே இது. புது மீட்டருதான் வாங்கிட்டீங்கள்ல?"

"மீட்டரு நல்ல மீட்டருதாம்மா."

அப்பா வெந்து ஆறிய உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "என் பிள்ளைங்களோட பிள்ளையா இருந்துட்டுப் போறா. ஒரு பாய் போட எடமில்லாமலா போயிரும்?" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று ராத்திரி இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகள் வரிசையாகப் படுக்கிற அறைக்குப் போய், அத்தை மகள்கள் இருவருக்கும் நடுவில் என் இடத்தைக்கூடப் பார்த்து வைத்தேன். அத்தை வந்து என் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அவர் முகம் நனைந்திருந்தது. வெங்காயம் உரித்திருப்பார் என்று நினைத்தேன்.

அப்போது அப்பா, "வா, பஸ்ஸு போயிரும்" என்றார்.

பஸ்ஸில் மீட்டர் அப்பாவின் மடியில் இருந்தது. நான் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் செம்பனை மரங்கள், ஓர் ஆள் இல்லை. பாய் போடுகிறேன் என்று சொன்ன அத்தை ஏன் போடவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. எதையும் கேட்டுப் பழகாதவள் நான். தனக்கு ஏதாவது ஆகி, அந்தப் பாயை யாரும் எனக்காக விரிக்கவேண்டி வரக்கூடாது என்றுதான் அப்பா மதியம் முழுக்க அந்தக் கடையில் நின்றார் என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும். அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.